பிசிஓஎஸ் மாத்திரையும் என் எக்செல் ஷீட்டும்: ஒரு சைக்கிளுக்கு 6,500 ரூபாய் எங்கே போகுது?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டேக்ஸ் ரிட்டர்னும் இல்ல. என் ஹேண்ட்பேக்ல இருக்கிற ஒரு மாத்திரை டப்பாவைப் பத்தி எழுதப் போறேன்.

இந்த விஷயத்தை வீடியோவா எடுக்கலாம்னு ரெண்டு தடவை கேமரா முன்னாடி உட்கார்ந்தேன். ரெண்டு தடவையும் நிறுத்திட்டேன். எழுதுறது கொஞ்சம் சுலபமா இருக்கு. எனக்கு 29 வயசுல பிசிஓஎஸ்னு சொன்னாங்க. இப்போ 33. கல்யாணம் ஆகி மூணு வருஷம். குழந்தைக்காக மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, இனிமே தெரியும். என் வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கட்டுரையை முழுசா படிக்கக் கொடுத்து, அவர் சரின்னு சொன்ன பிறகுதான் போடுறேன். ஏன்னா இதுல அவரைப் பத்தியும் ஒரு பகுதி வருது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் சிஏ. டாக்டர் இல்ல. எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள்னு இதைப் படிச்சிட்டு நீங்களா முடிவு பண்ணாதீங்க. எனக்குத் தெரிஞ்சது பில் படிக்கிறது. அதைத்தான் செய்யப் போறேன்.

பெண்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு இந்தப் பிரச்சனை இருக்கு. அதுல பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறதே தெரியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்படின்னா இதைப் படிக்கிற உங்கள்ல ஒருத்தருக்கோ, உங்க மனைவிக்கோ, பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்கோ இருக்க வாய்ப்பு அதிகம். 25, 30 வயசுல நாம போடுற பட்ஜெட்ல வீடு இருக்கும், கார் இருக்கும், கோவா ட்ரிப் கூட இருக்கும். இதுக்கு ஒரு வரி கூட இருக்காது.

14 மாசம் ஒரே மாத்திரை

பீரியட்ஸ் ரெண்டு மாசம், மூணு மாசம் தள்ளிப் போகும். எங்க ஏரியா டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம இருக்கிறது பிசிஓஎஸ்ல ரொம்ப சாதாரணம், அதைச் சரி பண்றதுக்காக.

முதல் ரெண்டு வாரம் வயிறு படுத்தின பாட்டைச் சொல்லி மாளாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில ஸ்டாக் ஆடிட். குடோன்ல இரும்புக் கம்பி எண்ணிட்டு இருக்கேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடணும். லேடீஸ் டாய்லெட் மெயின் பில்டிங்ல. அன்னைக்கு அந்தக் கம்பெனியோட குளோசிங் ஸ்டாக்கை எப்படி வெரிஃபை பண்ணேன்னு எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அப்புறம் டாக்டர்கிட்ட சொன்னதும், மெதுவா கரையற வகைக்கு மாத்திக் கொடுத்தார், சாப்பாட்டோட சேர்த்து எடுக்கச் சொன்னார். பிரச்சனை பாதிக்கு மேல குறைஞ்சது. இதைச் சொல்றதுக்குக் காரணம், வயிறு ஒத்துக்கலைன்னு சொல்லாமலே மாத்திரையை நிறுத்திட்டு, வீட்ல சாப்பிடறேன்னு சொல்லிட்டு இருக்கிற பல பேரை எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தருவாங்க.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே சீட்டு. 14 மாசம் மெட்ஃபார்மின் மட்டும். மாசம் 140 ரூபாய். சிகிச்சை நடக்குதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

இங்கதான் என் முதல் தப்பு. 2007-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்திருக்கு. பிசிஓஎஸ் இருந்து குழந்தைக்கு முயற்சி பண்ற 626 பெண்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவங்கள்ல குழந்தை பிறந்தது 7.2 சதவீதம் பேருக்கு. க்ளோமிஃபீன்ங்கிற, கருமுட்டை வெளிவர உதவற மாத்திரை எடுத்தவங்கள்ல 22.5 சதவீதம். ரெண்டும் சேர்த்து எடுத்தவங்கள்ல 26.8. அதாவது மெட்ஃபார்மின் நல்ல மாத்திரைதான், ஆனா "குழந்தை வேணும்"ங்கிற நோக்கத்துக்கு அது மட்டும் போதுமான்னு ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கேள்வியை நான் 14 மாசம் கேட்கவே இல்ல. ஏரியா டாக்டர் மேல தப்பு சொல்ல மாட்டேன். பீரியட்ஸ் சரியா வரலைன்னுதான் நான் அவர்கிட்ட போனேன். குழந்தைக்கு முயற்சி பண்றோம்னு அவர்கிட்ட வாயைத் திறந்து சொன்னதே கிடையாது.

சொல்லாம விட்டதுல இன்னொரு ஆபத்தும் இருந்தது. முகத்துல முடி வளருதுன்னு ஸ்கின் டாக்டர்கிட்ட போனா ஸ்பைரோனோலாக்டோன் கொடுப்பாங்க. முகப்பரு ரொம்ப அதிகமா இருந்தா ஐசோட்ரெட்டினோயின் கொடுப்பாங்க. ரெண்டும் கருவுல இருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஐசோட்ரெட்டினோயின் ரொம்பவே மோசமா பாதிக்கும். பீரியட்ஸ் ஒழுங்காக வர்றதுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் கருத்தடை மாத்திரையேதான். ஒரே பிசிஓஎஸ்க்கு மூணு டாக்டர், மூணு சீட்டு, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. இப்போ நான் எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும் சரி, முதல் வாக்கியம் இதுதான்: "டாக்டர், நான் குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டு இருக்கேன்."

"மேடம், இது கேன்சர் மாத்திரை. யாருக்கு?"

32 வயசுல மகப்பேறு டாக்டர்கிட்ட போனேன். லெட்ரோசோல் எழுதினாங்க. பீரியட்ஸ் ஆன ரெண்டாவது, மூணாவது நாள்ல ஆரம்பிச்சு 5 நாள்.

மெடிக்கல் ஷாப்ல அந்தப் பையன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குரலைக் குறைச்சு, "மேடம், இது கேன்சர் மாத்திரை. யாருக்கு?"ன்னு கேட்டான். பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. "எனக்குத்தான்"னு சொன்னதும் அவன் முகம் போன போக்கு! பாவம், நல்ல மனசுல கேட்டான்.

அவன் சொன்னதும் பொய்யில்ல. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்துதான். உடம்புல ஈஸ்ட்ரோஜென் உற்பத்தியைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கும். அப்போ மூளை "ஈஸ்ட்ரோஜென் பத்தலையே"ன்னு சினைப்பையைத் தூண்டி விடும், முட்டை வளரும். இந்தியாவுல 2011-ல குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கவே தடை போட்டாங்க. 2017-ல அந்தத் தடையை எடுத்துட்டாங்க. நடுவுல 2014-ல அமெரிக்காவுல 750 பெண்கள்கிட்ட நடந்த ஆய்வு வந்தது. அஞ்சு சைக்கிள் வரைக்கும் சிகிச்சை கொடுத்துப் பார்த்ததுல, லெட்ரோசோல் எடுத்தவங்கள்ல 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, க்ளோமிஃபீன் எடுத்தவங்கள்ல 19.1 சதவீதம். 2023-ல வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலும் முதல்ல கொடுக்க வேண்டியது லெட்ரோசோல்தான்னு சொல்லுது. வீட்ல பெரியவங்க மாத்திரைக்குள்ள இருக்கிற லீஃப்லெட்டைப் படிச்சுப் பயந்தா இதைச் சொல்லுங்க.

27.5 சதவீதம்ங்கிற அந்த நம்பர்கிட்ட கொஞ்சம் நிக்கணும். நல்ல மாத்திரைதான். ஆனாலும் அந்த ஆய்வுல அஞ்சு சைக்கிள் முடிவுல நாலுல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலதான் குழந்தை. உங்க வயசு, எடை, உடம்பைப் பொறுத்து உங்க நம்பர் மாறும். ஆனா "ஒரே மாசத்துல ரிசல்ட்"னு நினைச்சுப் பணத்தை எடுத்து வைக்காதீங்க. நான் முதல் சைக்கிளுக்கு மட்டும்தான் எடுத்து வெச்சிருந்தேன். ஒரு சிஏ இப்படிப் பண்ணலாமான்னு கேட்டா, பண்ணக் கூடாது. நம்பிக்கை இருக்கிற இடத்துல கணக்கு வேலை செய்யாதுங்கிறதை அன்னைக்குத்தான் என் வீட்லயே பார்த்தேன்.

இப்போ பில்லுக்கு வருவோம்

மூணாவது சைக்கிள்ல எக்செல் ஷீட் போட்டேன். சென்னையில, எங்க ஏரியாவுல, எனக்கு வந்த பில் இது. உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கும்.

மெட்ஃபார்மின் 140. ஃபோலிக் ஆசிட் 50. லெட்ரோசோல் 180. முட்டை வளர்ச்சியைப் பார்க்கிற ஸ்கேன் மூணு தடவை, தலா 700, ஆக 2,100. முட்டை வெடிக்கப் போடுற ஊசி 650. அதுக்கப்புறம் 10 நாளைக்கு புரொஜெஸ்டரோன் மாத்திரை 560. டாக்டர் ஃபீஸ் 600. ஸ்கேனுக்குப் போய் வந்த ஆட்டோ 900. கடைசியா, மயோ இனோசிடால்ங்கிற சப்ளிமென்ட், ஒரு நாளைக்கு ரெண்டு வீதம் 60 மாத்திரை: 1,320.

மொத்தம் 6,500.

இந்த லிஸ்ட்டைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். மெட்ஃபார்மின், ஃபோலிக் ஆசிட், லெட்ரோசோல் மூணும் சேர்த்து 370 ரூபாய். முக்கியமான மாத்திரைங்க எல்லாம் அதுலயே வந்துடுது. அந்த ஒரு சப்ளிமென்ட் மட்டும் அதைப் போல மூணரை மடங்கு.

ஏன் இப்படி? மெட்ஃபார்மின், லெட்ரோசோல் எல்லாம் அரசாங்கத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. என்பிபிஏங்கிற அமைப்பு அதுக்கெல்லாம் உச்சவரம்பு விலை வைக்குது. எந்தக் கம்பெனியும் அதைத் தாண்டி விக்க முடியாது. ஆனா இனோசிடால் மாதிரி பல பொருள்கள் மருந்தாவே விக்கப்படுறதில்ல. அட்டையைத் திருப்பிப் பாருங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் இருந்தா, சட்டப்படி அது உணவுப் பொருள். பிஸ்கட் பாக்கெட்ல இருக்கிற அதே நம்பர்தான். மருந்து விலைக் கட்டுப்பாடு அதுக்குப் பொருந்தாது. கம்பெனி வெச்சதுதான் விலை. மாத்திரை மாதிரியே இருக்கும், டாக்டர் சீட்லயே இருக்கும், மெடிக்கல்லயே விப்பாங்க. நாமளும் மாத்திரைன்னே நினைச்சு வாங்குவோம்.

நான் உடனே அதை நிறுத்திடலை. அடுத்த விசிட்ல கேட்டேன்: "டாக்டர், இந்த லிஸ்ட்ல எது கண்டிப்பா வேணும், எது இருந்தா நல்லதுங்கிற ரகம்?" அவங்க கோவப்படவே இல்ல. பேனாவை எடுத்து இனோசிடால் பக்கத்துல ஒரு கோடு போட்டாங்க. "உங்களுக்கு மெட்ஃபார்மின் ஒத்துக்குது, இது இல்லாமலும் பார்க்கலாம்"னாங்க. 2023 வழிகாட்டுதல்லயும் இனோசிடாலுக்கான ஆதாரம் குறைவுன்னுதான் இருக்கு, ஆனா பெரிய கெடுதல் இல்லைங்கிறதால விருப்பப்பட்டா எடுக்கலாம்னு விட்டிருக்காங்க. மெட்ஃபார்மின் ஒத்துக்காதவங்களுக்கு டாக்டர் வேற மாதிரி சொல்லலாம். என் விஷயத்துல அந்த ஒரு கேள்விக்கு மாசம் 1,320 ரூபாய் குறைஞ்சது.

வயித்தெரிச்சல் என்னன்னா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் 15 சதவீதம் தள்ளுபடின்னு மூணு மாச ஸ்டாக்கை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணியிருந்தேன். டப்பா இன்னும் அலமாரியில இருக்கு. இந்த சிகிச்சையில மாசத்துக்கு மாசம் சீட்டு மாறும். மொத்தமா வாங்காதீங்க.

இன்ஸ்டாகிராம்ல "பிசிஓஎஸ் 90 நாளில் குணம்" பேக்கேஜ்க்கும் 18,000 கட்டப் பார்த்தேன். நல்லவேளை, கார்டு டிக்ளைன் ஆச்சு. எடை அதிகமா இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் குறைச்சாலே பலன் இருக்கும்னு டாக்டர்களே சொல்றாங்க, அதை மறுக்கலை. ஆனா பிசிஓஎஸ் கட்டுக்குள்ள வைக்கிற விஷயம், ஒரேயடியா குணமாகிற விஷயம் இல்ல.

ஜெனரிக் பத்திக் கேப்பீங்க. மத்திய அரசோட மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகம், ரெண்டுலயும் மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரைங்க குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். ஆனா 140 ரூபாயை 70 ஆக்கறதுக்கு அலையறதை விட, ஸ்கேன் செலவைப் பாருங்க. பில்லோட பெரிய வரி அதுதான். எங்க டாக்டர் கிளினிக்ல 700. அதுக்கு முன்னாடி நான் போன பெரிய சென்டர்ல ஒரு ஸ்கேன் 1,200. சில இடத்துல ஒரு சைக்கிளுக்கு எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் ஒரே கட்டணம்னு வெச்சிருக்காங்க. முதல் நாளே கேட்டுடுங்க. கேட்கிறதுல வெட்கமே வேண்டாம்.

800 ரூபாய் டெஸ்ட்

இப்போ அந்தப் பகுதி.

மகப்பேறு டாக்டரைப் பார்த்த முதல் நாளே ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எழுதினாங்க. எனக்கு ஏஎம்எச், தைராய்டு, ப்ரோலாக்டின், சர்க்கரை, ஸ்கேன்னு 6,800 ரூபாய்க்கு. அவருக்கு ஒரே ஒரு டெஸ்ட். விந்துப் பரிசோதனை. 800 ரூபாய்.

என்னோடது மூணு நாள்ல முடிஞ்சது. அவரோடது மூணு சைக்கிள் ஆச்சு.

அவர் முடியாதுன்னு சொல்லவே இல்ல. "இந்த சனிக்கிழமை ரிலீஸ் இருக்கு", "அடுத்த வாரம் பார்க்கலாம்", "உனக்குத்தானே பிசிஓஎஸ், அது சரியானா போதுமே." இந்தக் கடைசி வரியை நானும் நம்பினேன், அதுதான் உண்மை. கும்பகோணத்துல இருந்து அத்தை போன் பண்ணா, "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறியாம்மா?"ன்னு என்கிட்டதான் கேப்பாங்க. அன்போடதான் கேப்பாங்க. நானும் "சாப்பிடறேன் அத்தை"ன்னு சொல்வேன். எங்க அம்மாவும் அதையேதான் கேப்பாங்க. பேர் வெச்ச வியாதி என்கிட்ட இருந்ததால, வேற எங்கயும் யாரும் தேடவே இல்ல.

மூணாவது சைக்கிளும் போன அன்னைக்கு ராத்திரி, எக்செல் ஷீட்டை அவர்கிட்ட காட்டினேன். சண்டை போடலை. மூணு சைக்கிள், 19,500 ரூபாய், அது கீழே இன்னும் காலியா இருந்த ஒரு வரி, 800. அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். சனிக்கிழமை போனார்.

ரிப்போர்ட்ல எண்ணிக்கை பரவாயில்ல, ஆனா அணுக்களோட வேகம் குறைவா இருந்தது. டாக்டர் அவரையும் ஒரு யூராலஜிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க. எங்க ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஐயூஐ பத்தி அப்பவே பேசியிருப்பேன்"னாங்க. குரல்ல குற்றம் சொல்ற மாதிரி எதுவும் இல்ல. காருக்கு வந்து அவர் அழுதார். நான் அவர் தோளைத் தட்டிட்டு இருந்தேன். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இந்த மூணு மாசம் நான் அழுததெல்லாம் என் உடம்பு சரியில்லைன்னுதானே.

அந்த 19,500-ஐ வீண்னு முழுசா எழுதிட மாட்டேன். லெட்ரோசோலுக்கு என் உடம்பு ஒத்துக்குது, முட்டை வளருதுன்னு தெரிஞ்சது. ஆனா வரிசை தப்பு. குழந்தை தாமதமாகிற ஜோடிகள்ல ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது அபூர்வம் இல்ல, ரொம்ப சகஜம். மனைவி முதல் லெட்ரோசோல் மாத்திரையைப் போடுறதுக்கு முன்னாடியே கணவனோட ரிப்போர்ட் மேஜையில இருக்கணும். தம்பிகளா, உங்களுக்குத்தான் சொல்றேன்.

இன்சூரன்ஸ்: மெட்ஃபார்மின்னாலே சுகரா?

இந்தச் செலவுக்கு இன்சூரன்ஸ் வருமான்னு கேட்டா, பெரும்பாலும் வராது. குழந்தையின்மை சிகிச்சை, ஐவிஎஃப் எல்லாமே ஐஆர்டிஏஐ-யோட நிலையான விலக்குப் பட்டியல்ல இருக்கு. உங்க பாலிசி டாக்குமென்ட்ல "எக்ஸ்க்ளூஷன் 17"னு தேடுங்க, இருக்கும். பாலிசியில தனியா சேர்த்திருந்தா மட்டும்தான் கிடைக்கும். சில கம்பெனிகளோட குரூப் பாலிசியில ஒரு வரம்பு வரைக்கும் கொடுக்கிறாங்க. எச்ஆர்கிட்ட கேட்கக் கூச்சமா இருந்தா, பாலிசி பிடிஎஃப்-ஐ மட்டும் அனுப்பச் சொல்லுங்க. எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆனா இந்த மாத்திரை வேற ஒரு இடத்துல வந்து இடிக்கும். எனக்கு 31 வயசுல டெங்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில "மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார்"னு எழுதியிருந்தாங்க. கேஷ்லெஸ் நின்னு போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்ட கேள்வி: "நோயாளிக்கு சர்க்கரை நோய் எப்போதிலிருந்து?" எனக்கு சர்க்கரையே கிடையாது! 48,000 ரூபாயைக் கையில இருந்து கட்டிட்டு வெளியே வந்தோம். நான் பாலிசி எடுத்தது 27 வயசுல, பிசிஓஎஸ் தெரிஞ்சது 29-ல. அந்த முதல் சீட்டு தேதியோட என்கிட்ட பத்திரமா இருந்தது. அதையும், எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும், "இது பிசிஓஎஸ்க்காக" அப்படின்னு டாக்டர் கொடுத்த லெட்டரையும் அனுப்பினேன். அஞ்சு வாரம் கழிச்சுப் பணம் வந்தது. அந்தச் சீட்டு மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலை. அதனால முதல் பிரிஸ்கிரிப்ஷனை இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க.

இனிமேதான் பாலிசி எடுக்கப் போறீங்கன்னா, பிசிஓஎஸ் இருக்கு, இந்த மாத்திரை எடுக்கிறேன்னு எழுதிக் கொடுங்க. "இதெல்லாம் போட வேண்டாம் மேடம், பிரீமியம் ஏறும்"னு சொல்ற ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீங்க. க்ளெய்ம் அன்னைக்கு அவர் போன் எடுக்க மாட்டார். ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்பு 2024 ஏப்ரல்ல இருந்து அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்னாடி 4 வருஷமா இருந்தது. பிரசவச் செலவுக்கும் தனிநபர் பாலிசிகள்ல பெரும்பாலும் காத்திருப்பு காலம் உண்டு, பல பாலிசியில 2, 3 வருஷம். கர்ப்பம் உறுதியான பிறகு தேடினா எதுவும் கிடைக்காது. முயற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்து வைக்க வேண்டிய விஷயம் இது.

வேலை மாறப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. 26 வார மகப்பேறு விடுப்புக்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாசத்துல அந்த நிறுவனத்துல 80 நாள் வேலை செஞ்சிருக்கணும். சிகிச்சை நடக்கும்போது மாறவே கூடாதுன்னு இல்ல, இந்த நாள் கணக்கைப் பார்த்து மாறுங்க. புதுக் கம்பெனி குரூப் பாலிசியில பிரசவம் முதல் நாள்ல இருந்தே உண்டான்னும் கேளுங்க.

டேக்ஸ்ல ஏதாவது?

சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா நல்ல செய்தி இல்ல. மருந்து பில், ஸ்கேன் பில், ஐயூஐ, ஐவிஎஃப் எதுக்கும் நமக்குக் கழிவு கிடையாது. 80டி-ல வர்றது இன்சூரன்ஸ் பிரீமியம். அதோட 25,000 வரம்புக்குள்ளயே தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு 5,000. அதுவும் பழைய வரி முறையில இருந்தா மட்டும். மருத்துவச் செலவையே காட்டுறது இன்சூரன்ஸ் இல்லாத சீனியர் சிட்டிசனுக்குத்தான். 80டிடிபி-ல இருக்கிற குறிப்பிட்ட நோய்ப் பட்டியல்லயும் இது இல்ல. ஒரு காலத்துல கம்பெனி கொடுத்த 15,000 மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட்டும் 2018-ல ஸ்டாண்டர்டு டிடக்ஷன் வந்ததும் போயிடுச்சு. ஆக, இது முழுக்க முழுக்க வரி கட்டின சம்பளத்துல இருந்து போற செலவு. "ஏதாவது ஒரு செக்ஷன்ல நுழைச்சு விடுங்க மேடம்"னு என்கிட்ட கேட்காதீங்க.

நாங்க இப்போ எப்படி வெச்சிருக்கோம்

தனி சேவிங்ஸ் அக்கவுன்ட். மாசம் 8,000, ரெண்டு பேர் சம்பளத்துல இருந்தும் பாதிப் பாதி. பாதிப் பாதிங்கிறது அவர் யோசனை. எஸ்ஐபி-ல ஒண்ணைப் பாதியாக் குறைச்சோம், எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை.

அப்புறம் ஒரு எல்லை போட்டோம். ஐயூஐ மூணு தடவை. எங்களுக்கு ஒரு தடவைக்கு மருந்தைத் தவிர 9,500 ஆகுது. மூணு முடிஞ்சதும் ரெண்டு மாசம் எதுவும் கிடையாது, எங்கயாவது போயிட்டு வந்து அப்புறம் பேசலாம். ஐவிஎஃப்-ன்னா ஒண்ணரை லட்சத்துக்கு மேல போகும். கிளினிக்லயே ஈஎம்ஐ கொடுக்கிறாங்க. ரிசல்ட் நெகட்டிவ்னு வந்த அன்னைக்கு, அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டு அதுல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இப்பவே பேசி வெச்சிருக்கோம். போறதா இருந்தா 2021 சட்டப்படி பதிவு பண்ணின சென்டரான்னு பார்த்துட்டு, பணத்தைச் சேர்த்துட்டுப் போவோம். போகாமலும் இருக்கலாம். அதையும் பேசியிருக்கோம்.

அத்தைகிட்ட அவரே போன் பண்ணி அவரோட ரிப்போர்ட் பத்திச் சொன்னார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. இப்போ போன் வந்தா, "ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்கிறாங்க.

முதல் ஐயூஐ போன மாசம் முடிஞ்சது, நிக்கலை. இது ரெண்டாவது. சனிக்கிழமை காலையில 7.30-க்கு ஒன்பதாம் நாள் ஸ்கேன். டோக்கன் போட்டாச்சு. அவர் லீவ் சொல்லிட்டார்.